இரண்டு கட்டில் கொள்ளும் அறை

ஜனவரி 6

அன்புள்ள கொசுவுக்கு,

அண்ணன் எழுதுவது. நான் சுகம். நீ சுகமா என்று முதலில் கேட்க வேண்டும் என்று மாலை வகுப்பு டீச்சர் சொல்லியிருக்கிறார். அதனால் கேட்கிறேன். சுகமா?

இது நானே என் கையால் எழுதும் முதல் கடிதம். பார்த்தாயா! போனில் பேசினால் போதாதா என்பாய். போனில் என் கையெழுத்தை எப்படிக் காட்டுவது? ஞாயிற்றுக்கிழமை எழுத ஆரம்பித்தேன். இன்று என்ன கிழமை என்று சொல்ல மாட்டேன். ஒவ்வொரு எழுத்தும் ஒரு பீரோ மாதிரி இருக்கிறது. தூக்கி, திருப்பி, பக்கத்துச் சுவரில் இடிக்காமல் இறக்கி வைக்க வேண்டும். ஆனால் வைத்துவிட்டால் அது நகர்வதில்லை. அதுதான் ஆனந்தம்.

போன மாதம் புது வீட்டுக்கு வந்துவிட்டோம். ஆயுள் முழுக்க அடுத்தவர் வீட்டுச் சாமானை ஏற்றி இறக்கிய எனக்கு, நம் சாமானைத் தூக்க நாலு பையன்கள் வந்தார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டு அவர்களைத் திட்டிக்கொண்டே இருந்தேன். என்ன சுகம், என்ன சுகம்!

இங்கே எனக்குத் தனி அறை. உள்ளே போய் முழம் போட்டுப் பார்த்தேன். இரண்டு கட்டில் போடலாம், நடுவில் மேஜை போடலாம், மிச்ச இடத்தில் யாராவது நாட்டியம் ஆடலாம். மருமகள் மேஜையும் விளக்கும் வாங்கிப் போட்டிருக்கிறாள். கதவைச் சாத்தினால் ஒரு சத்தமும் இல்லை. நம் வீட்டில் ஆறு பேர் ஒரு பாயில் உருண்டோமே, உன் முழங்கால் என் முதுகில் இருந்ததே, ஞாபகம் இருக்கிறதா?

லிஃப்டில் 'ஆறு பேருக்கு மட்டும்' என்று எழுதியிருக்கிறது. முன்பானால் படிக்கத் தெரியாமல் ஏழாவது ஆளாக ஏறியிருப்பேன். இப்போது படித்துவிட்டு ஏறுகிறேன்.

பதில் எழுது. பெரிய எழுத்தாக எழுது.

உன் அண்ணன்

*

ஜனவரி 25

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கொசு எழுதுவது. முழங்கால் வலியைத் தவிர மற்றதெல்லாம் சுகம். உனக்கும் வீட்டில் எல்லோருக்கும் உடம்பு நன்றாக இருக்க வேண்டும்.

உன் கடிதத்தை நாலு முறை படித்தேன். என் சிலேட்டின் மேல் உட்கார்ந்து அதை உடைத்தவனா இது! அந்த சிலேட்டை எடுத்து ஒழுங்காகப் படித்திருந்தால் அறுபது வருஷம் முன்னாலேயே எனக்குக் கடிதம் வந்திருக்கும். பரவாயில்லை. எழுத்து கோணலாக இருக்கிறது, ஆனால் குரல் அப்படியே நீதான். நாட்டியம் ஆடலாம் என்று எழுதிய இடத்தில் சிரித்துச் சிரித்து எனக்கு இருமல் வந்துவிட்டது. மருமகள் எட்டிப் பார்த்து, "மாத்திரை போட்டீங்களா?" என்று கேட்டாள்.

இங்கே ஒரு செய்தி. பையனுக்கு வெளிநாட்டில் வேலை கிடைத்திருக்கிறது. குழந்தைகளின் பரீட்சை முடிந்ததும் எல்லோரும் கிளம்புகிறார்கள். எல்லோரும் என்றால் நான்கு பேர். என்னைக் கூட்டிப்போக அந்த நாட்டில் சட்டம் இல்லையாம். வீட்டை விற்கிறார்கள். ஆட்கள் வந்து சமையலறையைத் தட்டித் தட்டிப் பார்க்கிறார்கள். நான் அடுப்புப் பக்கம் நின்றபோது, "இந்த அம்மா யாரு?" என்று ஒருவர் புரோக்கரைக் கேட்டார். அவர், "அவங்க போயிடுவாங்க சார்" என்றார்.

இரண்டு கட்டில் போடலாம் என்று எழுதியிருக்கிறாயே. இரண்டாவது கட்டில் யாருக்கு? சும்மா கேட்டேன்.

உன் தங்கை

*

பிப்ரவரி 27

அன்புள்ள கொசுவுக்கு,

அண்ணன் எழுதுவது. சுகம். பதில் தாமதத்துக்குக் காரணம் நான் அல்ல, பேனா. மை தீர்ந்துவிட்டது. பிறகு வேறு பேனா வாங்கினார்கள். பிறகு கண்ணாடியைத் தேடினோம். அது என் தலையில் இருந்தது.

இந்த வீட்டு வேடிக்கையைக் கேள். காலையில் என் பேத்தி வாயாடி குளியலறைக்குள் போனால், வெளியே வருவதற்குள் ஆட்சியே மாறிவிடும். நேற்று மகன் கதவைத் தட்டினான்.

"அடியே, எனக்கு ஆபீஸுக்கு நேரமாச்சு. வெளிய வா."

"முடி காயணும்ல அப்பா!"

"காயறதுக்கு முடி இருக்கேன்னு சந்தோஷப்பட்டுட்டு வா. என் தலையப் பாரு."

"எங்க பாக்கறது? வெளிச்சம் கண்ணக் கூசுது."

நான் சிரித்தேன். மகன் என்னைப் பார்த்து, "எல்லாம் உங்க குடும்பத்துத் தலைதாம்ப்பா" என்றான். நான் என் தலையைத் தடவிக் காட்டினேன். எனக்கு இன்னும் மூன்று கைப்பிடி இருக்கிறது. அவனுக்கு வயிறு எரிந்தது. பெற்ற பிள்ளையின் வயிறு எரிவதைப் பார்ப்பதில் ஒரு ருசி இருக்கிறது, கொசு. மறைக்க வேண்டியதில்லை.

அவன் எடை குறைக்க ஓடும் மெஷின் ஒன்று வாங்கியிருக்கிறான். முதல் நாள் ஓடினான். இப்போது அதில் துண்டு காய்கிறது.

அறையைப் பற்றிக் கேட்டிருந்தாய். முதலில் சொன்னதில் ஒரு சின்ன விஷயம் விட்டுப்போயிற்று. கதவு உள்பக்கமாகத் திறக்கிறது. அதற்கு இடம் விட வேண்டும். மூலையில் ஒரு தூண் வேறு பிதுங்கிக்கொண்டிருக்கிறது. நாட்டியம் ஆட முடியாது.

உன் மகன் வெளிநாடு போவது நல்ல செய்தி. என் வாழ்த்தைச் சொல்.

உன் அண்ணன்

*

மார்ச் 8

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். அங்கும் அப்படியே இருக்கும் என்று நினைக்கிறேன்.

சுற்றி வளைத்துக் கேட்டது என் தப்பு. இப்போது நேராகக் கேட்கிறேன். நான் உன் வீட்டுக்கு வந்து இருக்கட்டுமா?

பையன் முதியோர் இல்லம் ஒன்றைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறான். "ரொம்ப சுத்தமா இருக்கும்மா, தோட்டம்லாம் இருக்கு" என்றான். சுவரில் பெரிய தொலைக்காட்சி இருக்கிறதாம். ஒரு கூடத்தில் எட்டுக் கட்டில். எனக்குப் பயமாக இருக்கிறது அண்ணா. வேறு யாரிடமும் இதைச் சொல்லவில்லை. முகம் தெரியாத ஏழு பேருக்கு நடுவில் கண்ணை மூட எனக்குப் பயம்.

கதவு உள்பக்கம் திறந்தால் கீலை மாற்றி வெளிப்பக்கம் திறக்க வைக்கலாம். இதை எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். டாக்டர் வீட்டு இரும்புப் பீரோவை வளைந்த படிக்கட்டில் ஒரு கீறல் இல்லாமல் மூன்றாம் மாடிக்கு ஏற்றினவன் நீ. நான் பீரோ அல்ல, கொசு. தூணுக்குப் பின்னால் கூடப் படுத்துக்கொள்வேன். குறட்டை விட மாட்டேன். காய் நறுக்குவேன், துணி மடிப்பேன். உன் மருமகளுக்குப் பாரமாக இருக்க மாட்டேன்.

அவளைக் கேட்டு எழுது. ஏப்ரல் கடைசியில் இவர்கள் கிளம்புகிறார்கள்.

உன் தங்கை

*

ஏப்ரல் 19

அன்புள்ள கொசுவுக்கு,

அண்ணன் எழுதுவது. எனக்குக் கொஞ்சம் சளி. நீ எப்படி இருக்கிறாய்?

உன் கடிதம் வந்த அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். ஆனால் இந்த வீட்டில் ஒருவனை உட்கார்ந்து எழுத விடுவார்களா? மருமகள் வேலை செய்யும் கண்ணாடிக் கடையில் யாரோ ஒருவர் கண்ணாடி மாற்றிவிட்டு, வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியைப் பார்த்து பயந்து, "பழைய கண்ணாடியே கொடுத்துடுங்க" என்று திரும்பி வந்தாராம். இவள் சாப்பாட்டு நேரத்தில் அதைச் சொல்ல, மகன் சிரிக்க, "உங்களுக்கு என்ன சிரிப்பு?" என்று இவள் கேட்க, அவன் விக்க, நான் தண்ணீர் கொடுக்காமல் வேடிக்கை பார்க்க, அன்றைய பொழுது போயிற்று.

அறை விஷயம். மகனுடைய ஓடும் மெஷினை என் அறையில் கொண்டுவந்து வைத்துவிட்டார்கள். போதாததற்குத் துணி தேய்க்கும் பலகை, வாயாடியின் பழைய சைக்கிள். நானே பக்கவாட்டில்தான் நுழைகிறேன். மூச்சு இழுத்தால் நெஞ்சு சுவரில் இடிக்கிறது.

மருமகளிடம் கேட்டேன். "பார்க்கலாம் மாமா" என்றாள். இந்தக் காலத்துப் பெண்கள் பார்க்கலாம் என்றால் என்ன அர்த்தம் என்று உனக்கு நான் சொல்ல வேண்டாம். முகம் போன போக்கை நீ பார்த்திருக்க வேண்டும். நல்லவேளை, நீ பார்க்கவில்லை. அவளைக் குறை சொல்லி என்ன பயன்? அவள் வீடு, அவள் இஷ்டம்.

யோசித்துப் பார்த்தால் அந்த இல்லம் உனக்கு நல்லதுதான். தோட்டம் இருக்கிறது. பேச்சுத்துணைக்கு ஏழு பேர். நீ வேறு பேசிக்கொண்டே இருக்கிறவள். இங்கே பகல் முழுக்க ஒருவரும் இல்லை. நான் எழுதிக்கொண்டு இருப்பேன். உனக்கு அலுத்துப்போகும்.

உடம்பைப் பார்த்துக்கொள்.

உன் அண்ணன்

*

ஜூன் 21

அன்புள்ள அண்ணனுக்கு,

சுகம். உன் சளி குணமாகியிருக்கும் என்று நம்புகிறேன்.

மேலே இருக்கும் புது விலாசத்தைக் குறித்துக்கொள்.

பையன் கொண்டுவந்து விட்டுவிட்டுப் போனான். அழுதான். விமானத்துக்கு நேரமாகிவிட்டதால் கொஞ்சமாக அழுதான். என் கட்டில் ஜன்னல் பக்கம். பக்கத்துக் கட்டிலில் டைப்பிஸ்ட் அம்மா. தூங்கும்போதும் அவள் விரல்கள் போர்வையில் அடித்துக்கொண்டே இருக்கும். எதிர்க் கட்டிலில் ஒரு நர்ஸ் அக்கா, எல்லோரையும் நாக்கை நீட்டச் சொல்லிப் பார்ப்பாள். முதல் வாரம் நான் யாரோடும் பேசவில்லை. இரண்டாவது வாரம் என்ன செய்வதென்று தெரியாமல் உன் கடிதங்களை எடுத்துப் படித்துக்கொண்டிருந்தேன். டைப்பிஸ்ட் அம்மா, "என்ன அது, சத்தமாப் படி, நாங்களும் கேக்கறோம்" என்றாள். படித்தேன். வழுக்கைத் தலை இடத்தில் கூடமே சிரித்தது. அறை வரும் இடங்களையும் படித்தேன். அதற்கும் சிரித்தார்கள்.

இப்போது தேநீர் நேரத்தில் கேட்கிறார்கள்: "கொசு, உங்க அண்ணன் வீட்ல இன்னிக்கு என்ன?"

இங்கே எல்லோரும் என்னைக் கொசு என்றுதான் கூப்பிடுகிறார்கள். உன்னால் வந்த பெயர்.

உன் தங்கை

*

ஜூன் 26

அன்புள்ள கொசுவுக்கும், கூடத்தில் இருக்கும் ஏழு பேருக்கும்,

அண்ணன் எழுதுவது. மிகவும் சுகம்!

உன் கடிதத்தைப் படித்ததும் எனக்குக் கால் தரையில் இல்லை. எட்டுப் பேர்! என் எழுத்தை எட்டுப் பேர் கேட்கிறார்கள்! டீச்சரிடம் ஓடிப்போய்ச் சொன்னேன். "உங்களுக்கு வாசகர்களே கிடைச்சுட்டாங்களே" என்றார். மருமகளிடம் சொன்னேன். "அத்தை அங்கேயா இருக்காங்க?" என்று கேட்டாள். ஆமாம், ரொம்ப சந்தோஷமாக இருக்கிறாள் என்றேன். பார், நான் சொன்னேன் அல்லவா, உனக்கு அந்த இடம் பொருந்தும் என்று.

டைப்பிஸ்ட் அம்மாவுக்கு: நீங்கள் ஒரு நிமிஷத்தில் அடிப்பதை நான் ஒரு வாரத்தில் எழுதுகிறேன். ஆனால் என் எழுத்தில் வியர்வை அதிகம்.

நர்ஸ் அக்காவுக்கு: என் நாக்கைப் பார்க்க ஆசையா? என் மருமகளைக் கேளுங்கள். அதன் நீளம் அவளுக்குத் தெரியும்.

இந்த வார வேடிக்கை: மகனுக்கும் மருமகளுக்கும் கல்யாண நாள். அவன் மறந்துவிட்டான். சாயங்காலம்தான் நினைவு வந்து என் அறைக்குள் ஓடி வந்து, "அப்பா, ஏதாவது ஐடியா குடுங்க" என்றான். கடையில் பூ வாங்கிக்கொண்டு போய், காலையிலிருந்தே ஒளித்து வைத்திருந்தேன் என்று சொல் என்றேன். போனான். பூக்காரர் காகிதத்தில் நேரத்தோடு ரசீது குத்தி வைத்திருந்தார். அதை நான் முன்பே யோசித்துவிட்டேன். சொல்லவில்லை. அன்று அவன் ஹாலில் படுத்தான். என் கதவு வழியாகக் குறட்டை கேட்டது. சாத்திக்கொண்டேன்.

எல்லோரும் நன்றாகச் சிரியுங்கள். இன்னும் எழுதுவேன்.

உங்கள் அண்ணன்

*

ஆகஸ்ட் 10

அண்ணனுக்கு,

சுகம்.

உன் மருமகள் நேற்று இங்கே வந்திருந்தாள். பஸ்ஸில், தனியாக. ஒரு துண்டு, வழுக்காத செருப்பு, பிஸ்கட் டப்பா கொண்டுவந்தாள். அரை மணி நேரம் என் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்து துண்டை மடித்து மடித்துப் பிரித்தாள். பிறகு கேட்டாள்.

"நாங்க கூப்பிட்டப்ப ஏன் அத்தை வரமாட்டேன்னுட்டீங்க?"

"யாரும்மா கூப்பிட்டது?"

"மாமாகிட்ட ஜனவரிலேருந்து சொல்லிக்கிட்டு இருக்கேனே. அவர்தான் சொன்னாரு, உங்களுக்குத் தனியா இருக்கத்தான் பிடிக்கும், வற்புறுத்தாதேன்னு. ரெண்டாவது கட்டில்கூட வாங்கிப் போட்டுட்டேன் அத்தை. அத எடுத்து மொட்டை மாடிக்குக் கொண்டு போயிட்டாரு. முதுகு வலியோட எப்படித் தூக்கினாருன்னே தெரியல."

நீ தூக்குவாய். எனக்குத் தெரியும்.

ஓடும் மெஷின் இருக்கும் அறையில் மூச்சு விட முடிகிறதா என்று கேட்டேன். அது ஹாலில்தான் இருக்கிறது என்றாள். பிறகு அவளுக்கே புரிந்துவிட்டது. முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். நர்ஸ் அக்கா ஓடி வந்து அவளையும் நாக்கை நீட்டச் சொன்னாள்.

"இப்பவே கிளம்புங்க அத்தை, ஆட்டோ கூப்பிடறேன்" என்றாள். நல்ல பெண். நீ எழுதியதை வைத்து அவளை நான் எப்படியெல்லாமோ நினைத்திருந்தேன்.

நான் சொன்னேன்: "ரூம் சின்னதும்மா. எங்க அண்ணன் அளந்து எழுதியிருக்கான். அவன் அளவு தப்பாது."

உன் தங்கை

*

ஆகஸ்ட் 15

அன்புள்ள கொசுவுக்கு,

அண்ணன் எழுதுவது. உடம்பு பரவாயில்லை. நீ சுகமா? முழங்கால் எப்படி இருக்கிறது? இரண்டையும் கேட்கிறேன்.

இங்கே வேடிக்கை ஒன்றும் குறைவில்லை. மருமகள் என்னோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். தட்டு வருகிறது, பேச்சு வரவில்லை. முன்பு தட்டோடு, "உப்பு போதுமா மாமா?" என்று ஒன்று வரும். இப்போது உப்பு மட்டும் தனியாக ஒரு கிண்ணத்தில் வருகிறது. மகன் நேற்று என் அறைக்குள் வந்து நின்றான்.

"அத்தைய வேணாம்னு சொன்னது நீங்களாப்பா?"

தொண்டை கட்டியிருக்கிறது என்று சைகை காட்டினேன்.

"அதான் ரெண்டு கையாலயும் எழுதறீங்களே, எழுதிக் காட்டுங்க" என்று பேனாவை நீட்டினான். வாயாடி கதவுக்குப் பின்னால் நின்று சிரித்தாள். என் குடும்பத்துக் குழந்தை அல்லவா.

அறையை மறுபடி அளந்தேன். விஷயம் என்னவென்றால், வயதான கை முழம் போடும்போது சுருங்கிவிடுகிறது. இது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்தது. அதனால் நடுவில் கொஞ்சம் அளவு தப்பிவிட்டது. இப்போது சரியாக இருக்கிறது. கட்டிலை மாடியிலிருந்து நானே இறக்கிக் கொண்டுவந்து போட்டுவிட்டேன். காற்று வரும் பக்கம் உனக்கு. மேஜையை ஓரமாக நகர்த்திவிட்டேன். கீலையும் மாற்றிவிட்டேன், கதவு வெளிப்பக்கம் திறக்கிறது.

கிளம்பி வா. எந்த பஸ் என்று மட்டும் எழுது. நான் வந்து நிற்கிறேன்.

உன் அண்ணன்

*

செப்டம்பர் 30

அண்ணனுக்கு,

சுகம்.

உன் கடிதத்தை வழக்கம்போலத் தேநீர் நேரத்தில் படித்தேன். முழம் சுருங்கியதற்கு விழுந்து விழுந்து சிரித்தார்கள். 'கிளம்பி வா' என்ற இடத்தில்தான் அதிகம் சிரித்தார்கள். டைப்பிஸ்ட் அம்மாவுக்கு விக்கல் வந்துவிட்டது. இத்தனை நாளில் நீ எழுதியதிலேயே இதுதான் சிறந்தது என்கிறார்கள்.

நான் வரவில்லை. இங்கே எனக்குத் தூக்கம் வருகிறது. இனி எனக்கென்று தனியாக எழுத வேண்டாம். கூடத்துக்கு எழுது, அவர்கள் ஆவலாக இருக்கிறார்கள். டைப்பிஸ்ட் அம்மா வாசிப்பாள். நான் கட்டில் மாறிக்கொண்டேன். இப்போது கடைசிக் கட்டிலில் இருக்கிறேன். அதற்கு நேர் மேலே விசிறி. அது ஓடும்போது இந்தப் பக்கம் எதுவும் காதில் விழாது.

உடம்பைப் பார்த்துக்கொள்.

கொசு

*

அக்டோபர் 12

கூடத்தில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

நான் சுகம். நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்கிறீர்களா? டைப்பிஸ்ட் அம்மா, வாசிக்கப்போவதற்கு நன்றி. எழுத்து கோணலாக இருந்தால் மன்னிக்கவும். இந்தக் கடிதத்தை ஐந்து முறை கிழித்து எழுதியிருக்கிறேன்.

இந்த வார வேடிக்கை. என் அறையில் இப்போது இரண்டு கட்டில் இருக்கிறது. ஒன்று காலி. வாயாடிக்கு அதில் படுத்துப் பாடம் படிக்க ஆசை. நான் விடவில்லை. "யாருக்குத் தாத்தா வெச்சிருக்கீங்க?" என்றாள். "வர்றவங்களுக்கு" என்றேன். "வரமாட்டாங்கன்னு அம்மா சொன்னாங்களே" என்றாள். "உங்க அம்மா என்கூட பேசறதில்ல, உன்கிட்ட மட்டும் பேசறாளா?" என்றேன். "எல்லார்கிட்டயும் பேசறாங்க, உங்ககிட்டதான் பேசல" என்றாள். இந்தக் குழந்தைக்கு வாய் எங்கிருந்து வந்தது என்று யோசித்தேன். ரொம்ப தூரம் தேட வேண்டியிருக்கவில்லை.

மகன் மறுபடி மெஷினில் ஓட ஆரம்பித்திருக்கிறான். தினமும் ஓடுகிறான், இருந்த இடத்திலேயே இருக்கிறான். நான் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இன்னும் வேகமா, இன்னும் வேகமா" என்கிறேன். முன்பானால் திட்டுவான். இப்போது அவனும் திட்டுவதில்லை. இந்த வீட்டில் என்னைத் திட்ட ஆள் இல்லாமல் போய்விட்டது. கதவைச் சாத்தாமலே அறைக்குள் சத்தம் இல்லை.

சிரித்தீர்களா? நல்லது.

டைப்பிஸ்ட் அம்மா, உங்களிடம் ஒரு வேண்டுகோள். இந்த இடத்தில் வாசிப்பதைக் கொஞ்சம் நிறுத்திவிட்டு, யாரையாவது எழுந்துபோய்க் கடைசிக் கட்டிலுக்கு மேலே இருக்கும் விசிறியை அணைக்கச் சொல்லுங்கள். அது முழுதாக நிற்கும்வரை காத்திருங்கள்.

நின்றுவிட்டதா?

கொசு, அறை பெரியது.

அவ்வளவுதான். விசிறியைப் போட்டுக்கொள்ளச் சொல்லுங்கள். அவளுக்கு வேர்க்கும்.

இப்படிக்கு,
எழுதுகிறவன்